தலையில் சுமந்து வரும் செடி

அன்னாசிப் பழம் வீட்டுக்குள் நுழைந்ததும் நாம் அதற்குச் செய்யும் முதல் மரியாதை அதன் தலையை வெட்டுவதுதான். கத்தியானாலும் சரி, அரிவாள்மணையானாலும் சரி, கிரீடம் தரித்தாற்போல் இருக்கும் அந்தப் பச்சைக் கொண்டை ஒரே வெட்டில் தனியாகப் போய் விழுகிறது. சிறிது நேரம் சமையலறை மூலையில் கிடக்கிறது. வீட்டில் குழந்தை இருந்தால் அதை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு ராஜா வேஷம் போடுகிறது; முள் குத்தியதும் ராஜ்யத்தைத் துறந்துவிடுகிறது. பிறகு குப்பைத் தொட்டி. கடைத்தெருவிலோ இந்த உபசாரமும் கிடையாது. தள்ளுவண்டிக்காரர் பழத்தைத் துண்டு போட்டு, உப்பும் மிளகாய்ப் பொடியும் தூவிக் கொடுக்கிற வேகத்தில், கொண்டைகள் அவருடைய காலடியில் குவியலாகச் சேர்ந்துவிடுகின்றன. மாடு ஒன்று வந்து முகர்ந்து பார்த்துவிட்டு, இது நமக்குச் சரிப்படாது என்று நடையைக் கட்டுகிறது.

எறியப்படுவது பழத்தின் கழிவு என்றே பெரும்பாலோர் எண்ணியிருக்கிறார்கள். உண்மை அதுவன்று. அது ஒரு செடி. தண்டு, இலை, குருத்து எல்லாம் அமைந்து, வேர் ஒன்று மட்டும் வெளியில் வராமல் காத்திருக்கும் செடி. அந்த வேரும் வெகு தூரத்தில் இல்லை. கொண்டையின் அடியிலைகளை நாலைந்து வரிசை உரித்துப் பார்த்தால், தண்டைச் சுற்றிக் கடுகளவில் பழுப்பு நிறப் புள்ளிகள் தென்படும். அவைதாம் வேரின் முளைகள். மண்ணும் சிறிது ஈரமும் கிடைத்தால் புறப்பட்டுவிடச் சித்தமாக இருக்கின்றன.

இது எப்படி நேர்ந்தது என்று கேட்டால், அன்னாசி காய்க்கும் விதமே தனி. மாங்காய் கிளையின் முனையில் தொங்குகிறது. அதற்கு அப்பால் மரம் இல்லை. அன்னாசிச் செடியிலோ நடுத்தண்டு மேலே எழும்பி, தன்னைச் சுற்றிலும் நெருக்கமாகப் பூக்களை வைக்கிறது. ஒரு கதிரில் 100 முதல் 200 பூக்கள் வரையில் இருக்கும். ஊதா நிறம், சிறு பூக்கள். அடியிலிருந்து மேல் நோக்கி நாள்தோறும் சிலவாக மலர்ந்து முடிகின்றன. பூக்கள் தனித்தனிக் காய்களாகாமல் ஒன்றோடொன்று ஒட்டிப் பருத்து ஒரே பழமாகிவிடுகின்றன. தோலில் நாம் 'கண்' என்று சொல்லுகிறோமே, அந்த ஒவ்வொரு கண்ணும் ஒரு காலத்தில் ஒரு பூ. பழத்தின் நடுவில் கடினமாக இருக்கிறதென்று நாம் செதுக்கி எறியும் கட்டைதான் அந்தத் தண்டு. பூ வைத்து முடித்த பிறகும் அந்தத் தண்டு நின்றுவிடுவதில்லை. பழைய வேலைக்குத் திரும்பி, மறுபடியும் இலை விடத் தொடங்குகிறது. அந்த இலைக் கூட்டமே கொண்டை. ஆகவே பழம் செடியின் முடிவில் இல்லை. செடியின் நடுவில் இருக்கிறது என்று சொன்னால் தவறாகாது.

சில ஆண்டுகளுக்கு முன்பு நமது வகுப்பில் ஓர் அன்னாசிப் பழத்தை மேஜையின்மேல் வைத்து, கண்கள் எந்த வரிசையில் அமைந்திருக்கின்றன என்று பிள்ளைகளைப் பார்க்கச் சொன்னோம். கண்கள் நேர் வரிசையில் இல்லை. இடப்பக்கமாகவும் வலப்பக்கமாகவும் சுழன்று ஏறுகின்றன. வண்ணச் சுண்ணாம்புக் கட்டிகளால் ஒவ்வொரு சுழலையும் குறித்துக்கொண்டே எண்ணினார்கள். ஒரு பக்கம் 8 சுழல், மறுபக்கம் 13. பின் வரிசைப் பையன் ஒருவன் எழுந்து, "ஸார், இந்தப் பழம் மட்டும் இப்படியா, எல்லாப் பழமும் இப்படியா?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. மறு நாள் நாலு பேர் வீட்டிலிருந்து நாலு பழம் வந்தது. நாலிலும் 8, 13. செங்குத்தாக ஏறும் சுழல்களையும் எண்ணினால் 21 கிடைக்கும். 8-ஐயும் 13-ஐயும் கூட்டினால் 21 என்பதை அவர்களாகவே கண்டுகொண்டார்கள். அன்றைக்குக் கணக்குப் பாடம் நடந்து முடிந்தது, பழம் மிஞ்சவில்லை. நாலு கொண்டைகளை மட்டும் பத்திரப்படுத்தினோம்.

விதையில்லாப் பழம்

பழத்தில் விதை எங்கே என்று கேட்கத் தோன்றும். நாம் உண்ணும் அன்னாசியில் அநேகமாக விதை இருப்பதில்லை. ஒரே ரகத்தைச் சேர்ந்த பூக்களின் மகரந்தம் அந்த ரகத்தில் விதை பிடிக்கச் செய்வதில்லை. வேறு ரகத்தின் மகரந்தம் வந்து சேர்ந்தால்தான் கடினமான சிறு விதைகள் உண்டாகும். அமெரிக்கக் கண்டத்தில் இந்த வேலையைத் தேன்சிட்டைப் போன்ற 'ஹம்மிங்' பறவை செய்கிறது. ஹவாய்த் தீவுகளில் அந்தப் பறவையைக் கொண்டுவருவதற்கே தடை உண்டு. வந்தால் பழமெல்லாம் விதையாகிவிடும் என்ற பயந்தான் காரணம்.

விதையில்லாத செடி வம்சம் வளர்ப்பது எப்படி? தன்னைத் தானே துண்டு போட்டுக்கொண்டுதான். அடியில் பக்கக் கன்று விடுகிறது; பழத்தின் காம்பில் சிறு கன்றுகள் விடுகிறது; தலையில் கொண்டை வைக்கிறது. இவற்றில் எதை நட்டாலும் பிறப்பது குழந்தையன்று, அதே செடிதான். உங்கள் வீட்டுச் சமையலறையில் கிடக்கும் கொண்டை, தென் அமெரிக்காவில் பிரேசில், பராகுவே பிரதேசங்களின் ஆதிக்குடிகள் எத்தனையோ தலைமுறைக்கு முன்பு காட்டிலிருந்து எடுத்து நட்டு வளர்த்த செடிகளின் தொடர்ச்சி. நடுவில் ஒரு கையாவது அதை எடுத்து நடாமல் விட்டிருந்தால் அந்தத் தொடர்ச்சி அறுந்து போயிருக்கும்.

பழத்தின் பெயரே அந்த மக்களுடையதுதான். துப்பி மொழியில் 'நனாஸ்' என்பது நேர்த்தியான பழத்துக்குப் பெயர். போர்த்துகீசியர் அதை 'அனனாஸ்' ஆக்கினார்கள். நம் நாவில் அது அன்னாசி ஆயிற்று. கொலம்பஸ் 1493-ஆம் ஆண்டில் தமது இரண்டாவது யாத்திரையில் குவாதலூப் தீவில் இதை முதன் முதலாகக் கண்டார். 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியக் கப்பல்கள் இதை நம் மேற்குக் கரையில் இறக்கின. மலையாளத்தார் பார்த்தார்கள்: இலை தாழையைப் போல் இருக்கிறது, பழம் பலாவைப் போல் இருக்கிறது, 'கைதச்சக்க' என்று பெயர் வைத்துவிட்டார்கள். கைதை என்றால் தாழை, சக்க என்றால் பலா. இதைவிடப் பொருத்தமான பெயரைப் பண்டிதர் சபை கூடி யோசித்தாலும் கண்டுபிடித்திருக்க முடியாது என்பது நம் அபிப்பிராயம். ஜஹாங்கீர் சக்கரவர்த்தி தமது சுயசரிதையில், பறங்கியர் துறைமுகங்களில் விளையும் இந்தப் பழத்தைப் புகழ்ந்துவிட்டு, ஆக்ராவில் தமது குல் அஃப்ஷான் தோட்டத்தில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் இது பழுப்பதாகப் பெருமையோடு எழுதியிருக்கிறார்.

ஆங்கில தேசத்துப் பிரபுக்கள் பட்ட பாட்டையும் சொல்லத்தான் வேண்டும். கப்பலில் வருவதற்குள் பழம் அழுகிவிடும்; குளிர் தேசத்தில் செடி பிழைக்காது. எனவே 18-ஆம் நூற்றாண்டில் கண்ணாடி வீடு கட்டினார்கள். இரவும் பகலும் அடுப்பு மூட்டினார்கள். தோல் பதனிடும் மரப்பட்டையைக் குழியில் கொட்டிப் புளிக்கவைத்து, அந்தச் சூட்டில் தொட்டிகளைப் புதைத்து வைத்தார்கள். ஸ்காட்லாந்தில் டன்மோர் பிரபு தமது தோட்ட மாளிகையின் உச்சியையே ஒரு பிரம்மாண்டமான கல் அன்னாசியாகக் கட்டிவிட்டார். இன்றும் அது நிற்கிறது. அவர்கள் கரியைக் கொட்டி உண்டாக்கிய உஷ்ணத்தை நமது மொட்டை மாடி ஒரு காசு வாங்காமல் கொடுக்கிறது. நாமோ கொண்டையைக் குப்பையில் போடுகிறோம்.

நடும் விதம்

நம் நாட்டுக் கடைகளுக்கு வரும் பழத்தில் இரண்டு வகை முக்கியமானவை. ஒன்று 'கியூ', பெரிய பழம், இலை விளிம்பில் முள் மிகக் குறைவு. மற்றது 'குயீன்' இனம். பழம் சிறியது, சதை பொன்னிறம், மணம் அதிகம், இலை முழுதும் முள். கேரளத்து வாழக்குளத்திலிருந்து லாரி லாரியாக வரும் 'மொரீஷியஸ்' இந்த இரண்டாவது இனத்தைச் சேர்ந்தது. திரிபுரா ராஜ்யத்தின் பெயர்பெற்ற பழமும் இவ்வினமே. கொல்லிமலையிலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் நம்மவர்களே பயிரிடுகிறார்கள். எந்த வகையின் கொண்டையும் வேர் விடும். சிறு குழந்தைகள் ஓடியாடும் வீட்டுக்கு முள்ளில்லாதது உத்தமம். தொட்டியில் வளர்ப்பதற்கும் ருசிக்கும் மொரீஷியஸ்தான் நம் ஓட்டு.

பழம் வாங்கும்போதே கொண்டையையும் பார்த்து வாங்க வேண்டும். இலைகள் விறைப்பாகப் பச்சையாக இருக்கட்டும். நடுக்குருத்தை இலேசாக இழுத்துப் பாருங்கள். கையோடு வந்துவிட்டால் உள்ளே அழுகல் என்று அர்த்தம். அந்தப் பழத்தை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு எடுக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் கத்தியைத் தேட வேண்டாம். ஒரு கையால் பழத்தையும், துணி சுற்றிய மறு கையால் கொண்டையையும் பிடித்து, மூடியைத் திருகுவது போல் ஒரு திருகு திருகினால் சுத்தமாகக் கழன்று வரும். பழுத்த பழமானால் இன்னும் சுலபம். கத்தியால் வெட்டினால் சிறிது சதை ஒட்டிக்கொண்டு வரும். அந்தச் சதை அழுகி, அழுகல் தண்டுக்கு ஏறும். பிறகு அடியிலைகளை ஒவ்வொன்றாகக் கீழ்ப்பக்கமாக இழுத்து உரித்து, ஓர் அங்குலம் அளவு தண்டு வெளியே தெரியும்படி செய்ய வேண்டும். அப்போதுதான் முன் சொன்ன வேர் முளைகள் கண்ணுக்குத் தெரியும்.

உடனே நட்டுவிடக் கூடாது. நாலு முதல் ஏழு நாள் வரையில் நிழலான இடத்தில் தலைகீழாக வைத்து, காயத்தை ஆற விட வேண்டும். இலை வாடினாற்போல் தோன்றும், பயம் வேண்டாம். வாரக் கணக்கில் மண்ணில்லாமல் இருக்க வல்லது இந்தச் செடி. சிலர் கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் வைத்து அதில் கொண்டையை நிறுத்தி வேர் வருவதை வேடிக்கை பார்ப்பார்கள். வேர் வருவது வாஸ்தவம்; பள்ளிக்கூடத்து ஜன்னலில் வைக்க அது நல்லதும்கூட. ஆனால் தண்ணீரில் வந்த வேர் மண்ணுக்கு மாறும்போது திரும்பவும் தடுமாறுகிறது. ஆகவே நேரே மண்ணில் நடுவதே மேல்.

மண் என்பது இங்கே முக்கியமான விஷயம். அன்னாசி புளிப்பு மண்ணை விரும்புவது. செம்மண்ணும் மணலும் அதற்கு உகந்தவை. செம்மண், மணல், நன்றாக மக்கிய இலை எரு மூன்றையும் சம அளவில் கலந்து, முதலில் எட்டு அங்குலத் தொட்டியில் நடலாம். ஓர் ஆண்டு சென்றபின் பன்னிரண்டு அங்குலத்துக்குக் குறையாத தொட்டிக்கு மாற்ற வேண்டும். வீடு கட்டியபோது மிஞ்சிய காரையையும் சுண்ணாம்பு கலந்த மண்ணையும் தொட்டியில் நிரப்பும் வழக்கம் நம்மவர்களிடம் இருக்கிறது. இந்தச் செடிக்கு அது விஷம். தொட்டியின் அடியில் துவாரம் இருக்கிறதா என்று இரண்டு தடவை பாருங்கள். தண்டை ஓர் அங்குலம் புதைத்துச் சுற்றிலும் மண்ணை அழுத்திவிட்டால் வேலை தீர்ந்தது. நடுக்குருத்துக்குள் மண் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆறு முதல் எட்டு வாரத்தில் வேர் பிடிக்கும். அதுவரையில் தினமும் அசைத்துப் பார்க்கும் ஆவலை அடக்கிக்கொள்வது நலம். நடுவில் புதுக் குருத்து இளம் பச்சையாகத் தலைகாட்டினால் கீழே வேர் இருக்கிறது என்று நிச்சயமாக நம்பலாம்.

இரவில் மூச்சு விடும் செடி

நமக்குத் தெரிந்த ஓர் அம்மையார், மாடியில் ரோஜாவும் மல்லிகையும் கண்ணும் கருத்துமாக வளர்ப்பவர், ஒரு நாள் முகவாட்டத்துடன் வந்தார்.

"வாத்தியார் ஸார், நீங்கள் சொன்னீர்களே என்று அன்னாசிக் கொண்டை நட்டேன். நாலு மாதம் ஜோராக இருந்தது. இப்போது குருத்தைத் தொட்டால் கையோடு வருகிறது. துர்நாற்றம் வேறே."

"தண்ணீர் எப்படி விட்டீர்கள், அம்மா?"

"ஒரு நாள்கூடத் தவறவில்லை ஸார்! காலையில் ஒரு வேளை, சாயங்காலம் ஒரு வேளை. வெளியூர் போனால்கூட வேலைக்காரப் பெண்ணிடம் சொல்லிவிட்டுத்தான் போவேன்."

செடி எதனால் செத்தது என்பதை இனி விளக்க வேண்டியதில்லை. வீட்டு அன்னாசிகளில் அநேகம் இப்படித்தான் மடிகின்றன. பராமரிப்பில்லாமல் அல்ல, பராமரிப்பினால். குருத்தழுகல் என்னும் நோய்க்குக் காரணமான கிருமி தேங்கிய ஈரத்தில் செழித்து வளருகிறது. வந்த பிறகு மருந்து தேடுவதில் பிரயோஜனம் இல்லை.

இந்தச் செடிக்கு ஏன் இவ்வளவு குறைவான தண்ணீர் போதுகிறது என்பதைத் தெரிந்துகொண்டால், கை தானாகவே செம்பைக் கீழே வைத்துவிடும். மற்றச் செடிகள் பகலில் இலைத் துவாரங்களைத் திறந்து கரியமில வாயுவை உட்கொள்ளுகின்றன. துவாரம் திறந்திருக்கையில் இலையிலுள்ள நீரும் ஆவியாய்ப் போய்விடுகிறது. அன்னாசி வெயில் நேரத்தில் துவாரங்களை இறுக மூடிக்கொண்டு, இரவு குளிர்ந்த பிறகு திறக்கிறது. இரவெல்லாம் சேர்த்த வாயுவை ஒரு புளிப்பு அமிலமாக மாற்றி இலைக்குள் சேமித்து வைக்கிறது. விடிந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு, சேமிப்பிலிருந்து எடுத்துச் சூரிய வெளிச்சத்தில் சர்க்கரை தயாரிக்கிறது. விடியற்காலையில் இதன் இலைச்சாறு மாலையில் இருப்பதைவிட அதிகப் புளிப்பாயிருக்கும். கள்ளிச்செடியும் இதே ரகசியத்தைக் கையாளுகிறது. தவிர, இலைகள் ஒன்றுக்குள் ஒன்று கிண்ணம் போல் அமைந்திருப்பதால் பனியும் தூறலும் அங்கே தங்கி, இலையின் அடிப்புறம் வழியாகவும் செடிக்குப் போய்ச் சேருகின்றன.

ஆகவே விரலை மண்ணில் இரண்டு அங்குலம் விட்டுப் பார்த்து, உலர்ந்திருந்தால் மட்டும் தண்ணீர் விடுங்கள். கோடையில் வாரத்துக்கு இரண்டு தடவை, மற்றக் காலத்தில் ஒரு தடவை என்பது உத்தேசக் கணக்கு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தொட்டியைத் தாழ்வாரத்துக்குள் இழுத்துவிடுவது புத்திசாலித்தனம். வெயில் தாராளமாக வேண்டும். நாள் ஒன்றுக்கு ஆறு மணி நேரத்துக்குக் குறைந்தால் இலை நீளுமே ஒழியப் பழம் வராது. ஆயினும் சித்திரை, வைகாசியில் மொட்டை மாடியின் தளமே கொதிக்கிறதே, அப்போது தொட்டியைச் செங்கல்மேல் தூக்கி வைத்து நண்பகலில் சிறிது நிழல் கொடுக்கலாம்.

இலை வெளுத்து மஞ்சளாகிக் குருத்தில் பச்சையே இல்லாமற் போவதுண்டு. உடனே எருவைக் கொட்டுவார்கள், பலன் இராது. செடிக்கு எட்டாமல் போவது இரும்புச் சத்து. சுண்ணாம்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரைத் தொடர்ந்து விட்டால் மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடிவதில்லை. ஹவாய்த் தீவுகளில் மாங்கனீஸ் மிகுந்த நிலங்களில் வயல் வயலாகச் செடிகள் இப்படி வெளுத்தன. வேருக்குக் கொடுத்துப் பயனில்லை என்று கண்டு, இரும்பு உப்பைக் கரைத்து இலைமேல் தெளிக்க 1916-ஆம் ஆண்டில் ஒரு வழி சொல்லப்பட்டது, வயல்கள் பச்சையாயின. அந்த உப்பு வேறெதுவும் இல்லை. நாட்டு மருந்துக் கடையில் 'அன்னபேதி' என்று கேட்டால் கொடுப்பார்களே, அதுதான். ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் கரைத்துச் சாயங்கால வேளையில் இலைமேல் தெளித்தால் சில வாரத்தில் நிறம் திரும்பும். மழைநீர் பிடித்து வைத்து விடுவது இன்னும் நல்லது.

எறும்பு சாரை சாரையாகத் தொட்டிக்கு ஏறினால் அலட்சியம் செய்யாதீர்கள். எறும்பு தனக்காக வருவதில்லை. மாவுப்பூச்சியைச் சுமந்துகொண்டு வருகிறது. அந்தப் பூச்சி இலையிடுக்கில் வெள்ளைப் பஞ்சு போல் ஒட்டிச் சாற்றை உறிஞ்சும். கூடவே செடியை வாடச்செய்யும் நோயையும் பரப்பும். ஈரத்துணியால் துடைத்து, சோப்புத் தண்ணீர் தெளிப்பது வீட்டளவுக்குப் போதும். எரு விஷயத்தில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ஒரு கைப்பிடி மக்கிய எரு போதுமானது. குருத்துக்குள் மட்டும் உரம் விழலாகாது.

காத்திருத்தல்

இனி, கசப்பான செய்தியைச் சொல்லிவிட வேண்டியதுதான். கொண்டையிலிருந்து வளரும் செடி பூப்பதற்கு ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு ஆகும். பூத்த பிறகு பழம் முதிர ஐந்து ஆறு மாதம். பயிர் செய்கிறவர்கள் கொண்டையை விட்டுப் பக்கக் கன்றை நடுவதற்கு இந்தத் தாமதமும் ஒரு காரணம். பழத்தோடு கொண்டை சந்தைக்குப் போய்விடுகிறது என்பது இன்னொரு காரணம். டப்பாவில் அடைக்கும் ஆலைகள் இருந்த ஹவாயில் கொண்டைகள் மலை மலையாக மிஞ்சின. அங்கே அவற்றையே நட்டார்கள்.

"கடையில் கால் மணி நேரத்தில் கிடைக்கிற பழத்துக்கு இரண்டரை ஆண்டு தவம் கிடப்பானேன்?" என்று கேட்பவர்களுக்குக் காசுக் கணக்கில் பதில் கிடையாது. அந்தக் கணக்கில் அவர்கள் சொல்வதே சரி. ஆனால் ருசிக் கணக்கு வேறு. வாழைக்காயைத் தாறாக வெட்டி வைத்தாலும் பழுத்து இனிக்கிறது. ஏனென்றால் அதனுள் மாவுச்சத்து சேமிப்பில் இருக்கிறது, அது சர்க்கரையாக மாறுகிறது. அன்னாசியில் அந்தச் சேமிப்பு இல்லை. சர்க்கரை முழுவதும் செடியிலிருந்து, கடைசி வாரங்களில் வந்து சேர வேண்டியது. அறுத்த கணத்தில் எவ்வளவு இனிப்போ அவ்வளவுதான். பிறகு நிறம் மாறும், மிருதுவாகும், இனிப்பு மட்டும் ஏறாது. தூர தேசத்துச் சந்தைக்குப் போகும் பழத்தை லாரியில் அழுகாதிருக்க முன்கூட்டியே அறுத்துத் தீர வேண்டியிருக்கிறது. வியாபாரி மேல் குற்றமில்லை. ஆகையால் செடியிலேயே பழுத்த அன்னாசியின் ருசியைப் பட்டணவாசிகளில் பெரும்பாலோர் ஆயுளில் ஒரு தடவைகூட அறிந்ததில்லை. அது வேண்டுமென்றால் மலைக்குப் போக வேண்டும். அல்லது தொட்டியில் வளர்க்க வேண்டும்.

இரவு குளிர்ந்து பகல் குறுகும் மார்கழி, தை மாதங்களில் வளர்ந்த செடி தானாகவே பூக்கும். இரண்டு ஆண்டு கடந்தும் சும்மா இருக்கிற செடியை எழுப்பவும் ஒரு வழி உண்டு. அந்த வழி தற்செயலாகக் கிடைத்தது. அட்லாண்டிக் கடலில் உள்ள அஸோர்ஸ் தீவுகளில் 1874-ஆம் ஆண்டில் ஓர் அன்னாசிக் கண்ணாடி வீட்டில் புகை சூழ்ந்துகொண்டது. செடிகள் நாசமாகிவிட்டன என்று நினைத்தார்கள். அவையோ எல்லாம் ஒன்றாகப் பூத்தன. அது முதல் வேண்டுமென்றே புகை போட ஆரம்பித்தார்கள். புகையிலுள்ள எதிலீன் என்ற வாயுவே பூக்கச் செய்கிறது என்பது 1932-ஆம் ஆண்டில் தெளிவாயிற்று. இன்று தோட்டக்காரர்கள் அந்த வாயுவைத் தரும் மருந்தைக் குருத்தில் ஊற்றி, வயல் முழுவதையும் ஒரே சமயத்தில் பூக்க வைக்கிறார்கள். நமக்கு மருந்தும் வேண்டாம், புகையும் வேண்டாம். பழுக்கும் வாழைப்பழமும் ஆப்பிளும் அதே வாயுவை வெளியிடுகின்றன. நன்றாகப் பழுத்த இரண்டு மூன்று பழங்களைச் செடியின் அடியில் வைத்து, செடி முழுவதையும் ஒரு பெரிய பிளாஸ்டிக் பையால் மூடி, ஒரு வாரம் நிழலில் வைத்துப் பிறகு பையை எடுத்துவிடலாம். வெயிலில் மூடினால் செடி வெந்துவிடும். பலித்தால் சுமார் இரண்டு மாதத்தில் குருத்தின் நடுவே செந்நிறம் எட்டிப் பார்க்கும். முப்பது இலைக்குக் குறைந்த செடியிடம் இந்த வித்தையைக் காட்டாதீர்கள். எலுமிச்சங்காய் அளவில் ஒரு பழத்தை வைத்துவிட்டுச் செடி ஓய்ந்துவிடும்.

பழம் பருக்கத் தொடங்கியதும் அணில்கள் எங்கிருந்தோ செய்தி அறிந்து வந்து சேருகின்றன. கம்பி வலையோ பழைய கொசுவலைத் துண்டோ சுற்றி வைப்பது அவசியம். பழம் ஒரு பக்கம் சாய்ந்தால் வெயில் பட்ட இடம் வெந்துபோகும். குச்சி கட்டி நிமிர்த்தி, காகிதம் போர்த்தலாம். மஞ்சள் நிறம் அடியிலிருந்து மேலே ஏறும். கண்கள் தட்டையாகி, முக்கால் பழம் மஞ்சளாகி, மாடிப்படி ஏறும்போதே வாசனை வந்தால் அறுக்கலாம். அதற்கு முன் ஆசைப்பட்டுக் காயாக அறுத்தால் நாக்கும் உதடும் அரிக்கும். புரதத்தைக் கரைக்கும் ஒரு சத்து அன்னாசியில் உண்டு. பச்சைப் பழத்தைப் பாலிலோ தயிரிலோ போட்டு வைத்தால் கசந்துபோவதும் அதனால்தான். வேகவைத்தால் அந்தச் சத்து அடங்கிவிடும். கேசரியிலும் ரஸத்திலும் சேர்த்த அன்னாசி நாக்கைக் கடிப்பதில்லை.

தொட்டியில் விளைந்த பழம் கடைப் பழத்தைவிடச் சிறியதாகவே இருக்கும். அதை வட்ட வட்டமாக நறுக்க வேண்டாம். முதலில் பூத்த அடிப்பாகம் முதலில் பழுப்பதால் இனிப்பு அடியில் அதிகம், நுனியில் குறைவு. வட்டமாக நறுக்கினால் ஒரு குழந்தைக்கு இனிப்பும் ஒரு குழந்தைக்குப் புளிப்பும் போய் வீட்டில் வழக்கு உண்டாகும். மேலிருந்து கீழாகக் கீற்றுப் போட்டால் எல்லோருக்கும் இரண்டும் கிடைக்கும்.

காய்த்த செடியில் அந்தக் குருத்து மறுபடி பூக்காது. ஆனாலும் பிடுங்கி எறிய வேண்டாம். அடியில் இரண்டு மூன்று பக்கக் கன்றுகள் கிளம்பியிருக்கும். திடமான ஒன்றை அப்படியே விட்டுவிட்டு, பழைய இலைகளைக் கழித்து, மேல் மண்ணைக் கிளறிப் புது எரு போட்டால், தாயின் வேரிலேயே நிற்கும் அந்தக் கன்று கொண்டையைவிட விரைவில், ஒன்றேகால் அல்லது ஒன்றரை ஆண்டில், பழம் தரும். மற்றக் கன்றுகளை ஒரு சாண் உயரம் வந்ததும் திருகி எடுத்து, கொண்டையைப் போலவே நிழலில் காயவைத்து நடலாம். இடமில்லாதவர்கள் அக்கம் பக்கத்துக்குக் கொடுக்கலாம். மேலே சொன்ன அம்மையார் மாடியில் இப்போது இரண்டு தொட்டி இருக்கிறது. தண்ணீர்ச் செம்பை அந்தப் பக்கம் கொண்டுபோவதில்லை என்று கேள்வி.